தலைவர் அண்ணே, திருப்பி வச்சுட்டா கணக்கு சரியாயிருமா?

நம்ம மரண சகாய நிதிச் சங்கத் தலைவர் அண்ணனுக்கும், செயலாளருக்கும், பொருளாளர் தம்பிக்கும், கமிட்டியில உள்ள மத்த எல்லாருக்கும் வணக்கம்.

சங்கத்து பேர இங்க போடல. பினாங்குல கடலுக்கு இந்தப் பக்கம், பிறைக்குள்ளன்னு மட்டும் சொல்லிக்கிறேன், நம்ம ஆளுங்களுக்கு மொத வரியிலயே எந்த சங்கம்னு தெரிஞ்சிரும், தெரியாதவங்களுக்கு தெரிய வேணாம். இத வாட்சாப் குரூப்லயேதான் போட்டிருப்பேன், ஆனா போன செவ்வாக்கிழம ராத்திரி என்னைய குரூப்ப விட்டு தூக்கிட்டீங்க. யாரு தூக்குனதுன்னும் தெரியும், கோவம் இல்ல. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி, மார்ச் மாசத்து பேங்க் ஸ்டேட்மென்ட்ட போட முடியுமான்னு. அதுக்கு ரெண்டு பேரு கும்பிடு ஸ்டிக்கர் போட்டாங்க, ஒருத்தர் 'நம்ம வீட்டு விசயத்த நாலு பேருக்கு முன்னாடி பேசாதம்மா'ன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டாரு. குரூப்புல இருக்கிறதே நம்ம வீட்டு ஆளுங்கதானே, அந்த நாலு பேரு யாருன்னு எனக்கு இன்னும் வெளங்கல. சரி, தூக்கிட்டீங்க, அதனால மடலாவே எழுதிட்டேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

நடந்தது என்னான்னு மொதல்ல சொல்லிர்றேன், ஏன்னா இப்ப ஆளுக்கு ஒரு கத சொல்லிக்கிட்டு திரியிறாங்க.

மூணாவது மாடி அக்கா வீட்டுக்காரர் தவறுனது புதன்கிழம ராத்திரி. நம்ம சங்கத்து வழக்கம் என்னா, சாவு செய்தி வந்துச்சுன்னா மறுநாள் பேங்க் தொறந்த ஒடனே மூவாயிரம் வெள்ளிய எடுத்து அந்த வீட்டு ஆளு கையில குடுத்துரணும். பெட்டிக்காரன், வண்டிக்காரன், பந்தல், நாற்காலி, காரியம் செய்ய வர்றவரு, மின்சுடலைக்கு கட்ட வேண்டியது, எல்லாமே அன்னைக்கே ரொக்கமா கேக்குற செலவு, சாவு வீட்டுல ஒக்காந்து யாரு கணக்கு பாப்பா, அதுக்குத்தான் இந்த சங்கமே. பொருளாளர் தம்பி வியாழக்கிழம காலையில செக்க எடுத்துக்கிட்டு பேங்குக்கு போனா கரண்ட் அக்கவுண்ட்ல இருந்தது 612 வெள்ளி. மிச்சம் ஃபிக்ஸட் டெபாசிட்ல கெடக்கு, அத ஒடைக்க மூணு பேரு கையெழுத்தும் வேணும், செயலாளர் அன்னைக்கு ஈப்போவுல. தம்பி பேங்க் வாசல்லயே நின்னுக்கிட்டு எனக்கு போன் போட்டான், 'அக்கா, காசு இல்லக்கா'ன்னு, அவன் சொன்ன தொனி இன்னும் காதுல கெடக்கு, என்னமோ அவனே திருடுன மாதிரி பேசுனான் பாவம்.

காசு எங்க போச்சுன்னு பாத்தா மூணு வாரத்துக்கு முன்னாடி ஒரே செக்குல 3,800 வெள்ளி வெளியாயிருக்கு. எடுத்தது நீங்க அண்ணே. மகனுக்கு காலேஜு ஃபீஸ் கட்ட கடைசி நாளு, பிடிபிடிஎன் படிப்புக் கடன் காசு வர லேட்டாயிருச்சு, இருந்த செக்க போட்டு எடுத்துட்டீங்க. சாவு எடுத்த ஆறாவது நாளு ஒரு காசு கொறையாம திருப்பியும் போட்டுட்டீங்க, பேங்க் சிலிப்ப நானே பாத்தேன், அத நான் இல்லன்னு சொல்லவே மாட்டேன்.

ஆனா அந்த வியாழக்கிழம மத்தியானம் என்னா நடந்துச்சுன்னு உங்களுக்கு தெரியாது, எனக்கு தெரியும், ஏன்னா அந்த அக்காவோட தங்கச்சிய அடகுக்கடைக்கு என் காடியிலதான் கூட்டிட்டு போனேன். கழுத்துல கெடந்த சங்கிலிய கழட்டி குடுத்துச்சு. கடைக்காரன் தராசுல வச்சான், ஒரசி பாத்தான், கால்குலேட்டர தட்டி கம்பிக்கு அந்தப் பக்கமா இருந்து திருப்பி காட்டுறான், அந்தப் புள்ள நம்பர பாக்கவே இல்ல, 'போதும் போதும், மணி என்னாக்கா ஆச்சு'ன்னு என்னைய கேக்குது, மின்சுடலையில நாலு மணிக்கு நேரம் குடுத்திருந்தாங்க, நாங்க கடையில நின்னப்ப மணி ஒன்னே முக்கா. அடகு ரசீத மடிச்சு பர்சுல வைக்கத் தெரியாம கையிலயே கசக்கி புடிச்சுக்கிட்டு வந்துச்சு வீடு வர்ற வரைக்கும்.

இதுல எனக்கு நெஞ்சு ஆறாத விசயம் சங்கிலி இல்ல அண்ணே. புதன்கிழம ராத்திரி முழுக்க நீங்க அந்த வீட்டுலதான் இருந்தீங்க. நாற்காலி எறக்குனது நீங்க, சொந்தக்காரங்களுக்கு போன் போட்டது நீங்க, அக்கா மயக்கம் போட்டு விழுந்தப்ப தண்ணி தெளிச்சது உங்க வீட்டு அண்ணி. விடிய விடிய அங்கேயே உக்காந்திருந்தீங்க, 'கவலப்படாதம்மா, காலையில சங்கத்து காசு வந்துரும்'னு யாரோ அக்காகிட்ட சொன்னப்ப பக்கத்துலயேதான் இருந்தீங்க. அக்கவுண்ட்ல காசு இல்லங்கிறது அந்த எடத்துல உங்க ஒருத்தருக்கு மட்டும்தான் தெரியும். சொல்லல. ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்த ராத்திரியே ஆளுக்கு அம்பது நூறு போட்டு சேத்திருப்போம், எத்தன தடவ சேத்திருக்கோம்.

நீங்க கெட்டவரு இல்ல, அத எழுதாம விட்டா நான் நாணயமா எழுதுனதா ஆவாது. வெள்ளம் வந்தப்ப இடுப்பளவு தண்ணியில கெழவிங்கள தூக்கிட்டு வந்தது யாரு, ராத்திரி ரெண்டு மணிக்கு பிரசவ வலின்னு கதவ தட்டுனா வேன் சாவிய எடுத்துக்கிட்டு ஓடி வர்றது யாரு, எல்லாம் நீங்கதான். அதனாலதான் எல்லாருக்கும் பேச சங்கடமா இருக்கு. கெட்டவன் எடுத்திருந்தா இந்நேரம் மேசைய தூக்கி போட்டிருப்பாங்க. நல்லவரு எடுத்ததாலதான் 'திருப்பி வச்சுட்டாருல்ல, அப்பறம் என்னா லா'ன்னு முடிச்சுக்கப் பாக்குறாங்க.

அதுலயும் ஒருத்தரு பழமொழி வேற சொன்னாரு, தேன் எடுத்தவன் பொறங்கைய நக்காமயா இருப்பான்னு. இந்தப் பழமொழிய கேட்டாலே எனக்கு பத்திக்கிட்டு வரும். சின்ன வயசுலருந்து கேக்குறேன், எவனாச்சும் எங்கயாச்சும் கை வச்சா ஒடனே இத எடுத்து வுட்டுருவாங்க, என்னமோ அவனுக்கு பாஸ் குடுக்குற மாதிரி. சரி, தேன் எடுக்கிறவன் மரம் ஏறுறான், பொகை போடுறான், தேனீகிட்ட அவன்தானே கொட்டு வாங்குறான், நக்கிட்டு போவட்டும். நம்ம கூட்டுல தேனு எங்கருந்து வந்துச்சு? ஃபேக்டரியில பன்னெண்டு மணி நேரம் நிக்கிறவங்க, ஆஸ்பத்திரியில தரை கூட்டுறவங்க, லோரி ஓட்டுறவங்க மாசம் பத்து வெள்ளி போடுறாங்களே, அதுலருந்து. கொட்டு வாங்குனது அவங்க, கை நக்குறது வேற ஆளா?

எங்கப்பாவ உங்களுக்கு தெரியும், பதினேழு வருசம் பொருளாளரா இருந்தாரு. தோட்டத்த வித்து நம்மள வெளியாக்குனப்ப, லயத்துல இருந்தவங்க எல்லாம் இந்த ஃபிளாட்டுக்கும் பக்கத்து கம்போங்குக்கும் செதறிப் போனப்ப, இனிமே ஒருத்தன் செத்தா தூக்க ஆள் இருக்குமான்னு பயந்துதான் இந்த சங்கத்த ஆரம்பிச்சாங்க, அப்ப சந்தா ரெண்டு வெள்ளி. சம்பளம் போட்ட மறு ஞாயிறு அப்பா சைக்கிள எடுத்துக்கிட்டு கெளம்புவாரு, சட்டப் பையில 555 நோட்டு ஒன்னு, சீனன் கடையில கடன் எழுதுவாங்களே அதே குட்டி நோட்டு, நூல் கட்டுன பென்சில் ஒன்னு. நான் பின்னாடி கேரியர்ல ஒக்காந்து போயிருக்கேன். காச வாங்குன ஒடனே பைல போட மாட்டாரு, மொதல்ல நோட்ட தொறந்து எழுதுவாரு, எழுதுனத குடுத்தவங்களுக்கு திருப்பி காட்டுவாரு, படிக்கத் தெரியாத பாட்டிக்குக் கூட காட்டுவாரு. 'எனக்கு எழுத்தா தெரியுது, போப்பா'ன்னு பாட்டி சொல்லும், 'கோடு எண்ணத் தெரியும்ல ஆத்தா, எண்ணு'ம்பாரு. அந்தக் காசுக்கு வீட்டுல தனி மைலோ டின்னு. எங்க வீட்டுல அரிசி இல்லாம பக்கத்து வீட்டுல கடன் வாங்குன நாளுல கூட அந்த டின்னு அலமாரி மேலதான் இருந்துச்சு, நெறைஞ்சு போய் இருந்துச்சு, நாங்க புள்ளைங்க அதப் பாத்துக்கிட்டே வெறும் கோப்பி குடிச்சோம். அம்மா ஒரு தடவ கேட்டுச்சு, 'ரெண்டு நாளைக்குத்தானே, எடுத்துட்டு வச்சுருவோமே'ன்னு. அப்பா கோவப்படல. 'ரெண்டு நாளைக்குள்ள யாரும் சாவ மாட்டாங்கன்னு நீ எழுதிக் குடு, எடுத்துக்கலாம்'னு சொன்னாரு.

அவ்வளவுதான் அண்ணே, அந்த ஒரு வரிக்கு மேல எனக்கு ஒன்னும் சொல்லத் தெரியல. திருப்பி வைக்கிற காசுக்கு தேதி நம்ம கையில இருக்கு, சாவுக்கு தேதி நம்ம கையில இல்ல.

நம்ம தமிழ்ல பாருங்க, காசுக்கும் நாணயம்னுதான் பேரு, ஒருத்தரு சொன்ன சொல்லுல நிக்கிறதுக்கும் நாணயம்னுதான் பேரு. இங்க கவர்மெண்டு ஆபீஸ் எங்க போனாலும் கவுண்டர்ல 'இன்டெக்ரிட்டி'ன்னு போஸ்டர் ஒட்டி வச்சிருக்கான், 2004ல பாக் லா, அதான் அப்துல்லா படாவி, பிரதமரா இருந்தப்ப தேசிய நேர்மைத் திட்டம்னே ஒன்னு கொண்டு வந்தாங்க, அப்பறம் ஊழல் பட்டியல்ல 2024ல நமக்கு கெடச்ச மார்க்கு 100க்கு 50, உலகத்துல 57வது எடம். என் மகன் கணக்குல அம்பது வாங்கிட்டு வந்தா 'பாஸ்தானே மா'ம்பான், அந்த மாதிரி. நான் சொல்ல வர்றது என்னான்னா போஸ்டர் ஒட்டுனா வராது இது, மைலோ டின்ன அலமாரி மேல வச்சுட்டு கீழ பசியோட ஒக்காந்திருக்கிறதுல இருக்கு.

இன்னொன்னு ஞாபகம் வருது, தாத்தா சொல்லிச் சொல்லி கேட்டது. 1960ல துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சப்ப வெள்ளக்காரன் தோட்டத்தயெல்லாம் துண்டு துண்டா வித்துக்கிட்டிருந்தான், வாங்குனவன் ஆளுங்கள வெளிய தள்ளிக்கிட்டிருந்தான். மந்திரியா இருந்த மனுசன் தோட்டம் தோட்டமா போயி நின்னு, ஆளுக்கு பத்து பத்து வெள்ளியா போடுங்க, நம்மளே தோட்டம் வாங்கலாம்னு கேட்டாரு. அப்ப ஒரு நாள் கூலி மூணு வெள்ளி சொச்சம்தான் இருக்கும்னு தாத்தா சொல்லுவாரு, அதுல பத்து வெள்ளிங்கிறது சின்ன காசா? குடுத்தாங்க. கெடாவுல புக்கிட் சிடிம் தோட்டத்த வாங்குனாங்க, அதுதான் மொத தோட்டம். பால் மரத்துல சீவுற ஆளு தோட்டத்துக்கு பங்குதாரரு ஆனான். ஏன் குடுத்தாங்கன்னு தாத்தாகிட்ட கேட்டேன், பெரிசா ஏதோ சொல்லுவாருன்னு பாத்தா, 'அவரு எடுத்துக்க மாட்டாருன்னு தெரியும், வேற என்னா'ன்னு சொல்லிட்டு வெத்தல மடிக்க ஆரம்பிச்சுட்டாரு. அந்தத் 'தெரியும்'ங்கிறத வாங்கத்தான் ஒரு தலைவருக்கு முப்பது வருசம் ஆவுது, உங்களுக்கும் ஆயிருக்கு அண்ணே, அது உங்க சொந்த சொத்து, அத நீங்க 3,800 வெள்ளிக்கு அடகு வச்சுட்டீங்களேன்னுதான் எனக்கு வயித்தெரிச்சல்.

நான் ஒன்னும் சுத்தம் இல்ல, அதையும் சொல்லிர்றேன். பாயான் லெப்பாஸ்ல ஃபேக்டரியில அக்கவுண்ட்ஸ்ல சேந்த புதுசுல பெட்டி கேஷ் என் கையிலதான் இருந்துச்சு. ஒரு வெள்ளிக்கிழம பஸ்சு காசுக்கும் மகனுக்கு மருந்துக்கும் அவசரமா இருந்துச்சுன்னு அம்பது வெள்ளி எடுத்தேன், திருட்டுத்தனமா இல்ல, துண்டு சீட்டுல 'அம்பது வெள்ளி, திங்கக்கிழம வைக்கிறேன்'னு எழுதி கையெழுத்து போட்டு டின்னுக்குள்ளயே வச்சேன், ரொம்ப நேர்மையா செஞ்சுட்டதா நெனப்பு வேற. திங்கக்கிழம காலையில நான் பேக்க கூட கீழ வைக்கல, ஃபைனான்ஸ் மேனேஜரம்மா, வயசான சீனத்தி, வந்து நின்னு 'டின்ன தொற, எண்ணு'ன்னாங்க. எண்ணுனேன். சீட்ட எடுத்து காட்டுனேன். அத வாங்கி ரெண்டா கிழிச்சு என் கையிலயே குடுத்துட்டு மலாய்ல சொன்னாங்க, இது காசு இல்ல, காயிதம், டின்னுல காசுதான் இருக்கணும்னு. திட்டல, மெமோ குடுக்கல. சாவிய மட்டும் ஆறு மாசம் என்கிட்ட குடுக்கல. அந்த ஆறு மாசமும் யாராச்சும் பெட்டி கேஷ் கேட்டு வந்தா நான் எந்திரிச்சு அவங்க மேசைக்கு போயி சாவி கேக்கணும், எல்லாரும் பாப்பாங்க. செத்துரலாம் போல இருந்துச்சு. இன்னைக்கு நெனச்சா அந்தம்மா எனக்கு செஞ்ச மாதிரி நல்லது யாரும் செய்யல.

அதே கண்ணோட பாத்தாத்தான் எனக்கு ஒரு விசயம் ரொம்ப பயமா இருக்கு, 3,800 வெள்ளிய விட. அந்த செக்குல உங்க கையெழுத்தோட பொருளாளர் தம்பி கையெழுத்தும் இருக்கு. அவன் எப்பப் போட்டான்? போன வருசமே போட்டான். எழுதாத செக்குல பத்து தாளுக்கு முன்கூட்டியே கையெழுத்து போட்டு உங்ககிட்ட குடுத்து வச்சிருக்கான், நைட்டு ஷிஃப்ட்டு வேலை, கூப்புட்ட நேரத்துக்கு வர முடியாது, தலைவர்தானே கேக்குறாருன்னு. ரெண்டு கையெழுத்து எதுக்கு வச்சாங்க, ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கத்தானே. பூட்டுக்கு ரெண்டு சாவி செஞ்சு ரெண்டையும் ஒரே கொத்துல மாட்டுன கதையா இருக்கு. தம்பி, ஒன்னைய ஒன்னும் சொல்லல, நீ இருபத்தாறு வயசுப் பையன், தலைவர் கேட்டா மாட்டேன்னு சொல்ல உனக்கு வாய் வராது. ஆனா இனிமே வரணும். செயலாளர் அண்ணே, நீங்க ஏப்ரல் மாச கமிட்டி மீட்டிங் மினிட்ஸ்ல இத ஒரு வரி கூட எழுதல, 'நிதி நிலை திருப்திகரம்'னு எழுதியிருக்கீங்க. அக்காவோட தங்கச்சி கழுத்து சங்கிலி அடகுல இருந்த மாசம் அது.

நாங்களும்தான். போன ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தது மொத்தம் இருவத்திமூணு பேரு, அதுல பாதி மீகூன் சாப்பிட வந்தவங்க. கணக்கறிக்கை வாசிச்சு முடிக்க நாலு நிமிசம், நான் மணி பாத்தேன். யாரோ முன்மொழிஞ்சாங்க, பின்னாடியிருந்து யாரோ வழிமொழிஞ்சாங்க, அந்தப் பின்னாடி கொரலு என்னோடதுதான். படிச்சுப் பாக்காமயே வழிமொழிஞ்சேன், அக்கவுண்ட்ஸ் வேல பாக்குறவ. சங்கச் சட்டம் 1966ல வந்தது, ஆண்டுக் கூட்டம் நடந்து 60 நாளுக்குள்ள கணக்கோட ஆண்டறிக்கைய பதிவு இலாகாவுக்கு அனுப்பணும்னு அதுல இருக்கு, இப்ப எல்லாம் ஆன்லைன், இலாகாவோட இ-ரோசஸ் வெப்சைட்ல போடுறது. அனுப்புறதுக்கு முன்னாடி அத பாத்து சரின்னு சொல்லுற கடைசி ஆளு நாங்க மெம்பருங்கதான். நாங்க தூங்கிட்டோம்.

சட்டம்னு சொன்னதும் யாரும் பதற வேணாம், நான் போலீசுக்கும் போவல, ஊழல் தடுப்பு ஆணையம் எஸ்.பி.ஆர்.எம்.முக்கும் போவல. ஆனா திருப்பி வச்சா தப்பே இல்லன்னு குரூப்புல அடிச்சு பேசுன அண்ணனுக்காக ஒன்னு மட்டும் சொல்றேன். நம்ம நாட்டு குற்றவியல் சட்டத்துல 403வது செக்‌ஷன எடுத்துப் பாருங்க, கையாடல்ங்கிறதுக்கு கீழயே மொத வெளக்கமா எழுதி வச்சிருக்கான், நேர்மையில்லாம கொஞ்ச நாளைக்கு மட்டும் எடுத்து வச்சிருந்தாலும் அது கையாடல்தான்னு. உங்க மனசுல நேர்மையில்லாத்தனம் இருந்துச்சுன்னு நான் சொல்லல அண்ணே. திருப்பி வைக்கிறேன்னு சொல்லிச் சொல்லி எடுத்தவன் எத்தன பேர பாத்திருந்தா இத தனியா எழுதி வச்சிருப்பான்னு யோசிச்சுப் பாக்குறேன், அவ்வளவுதான்.

2022 ஆகஸ்ட் 23ந் தேதி ராத்திரி ஞாபகம் இருக்கா? முன்னாள் பிரதமர் நஜிப்ப காஜாங் ஜெயிலுக்கு கொண்டு போன அன்னைக்கு. ரோட்டோரத்து சாப்பாட்டுக்கடையில டிவிய சத்தமா வச்சு எல்லாரும் நின்னோம், எஸ்.ஆர்.சி.ங்கிற கவர்மெண்டு கம்பெனி காசு கேஸ்ல 42 மில்லியன் வெள்ளி, பன்னெண்டு வருசம், 210 மில்லியன் அபராதம். ஒரு அங்கிள் எல்லாருக்கும் தே தாரிக் வாங்கிக் குடுத்தாரு. அன்னைக்கு நீங்க மேசைய தட்டி சொன்னது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, 'பத்து காசா இருந்தாலும் அடுத்தவன் காசு அடுத்தவன் காசுதான்'னு. நான்கூட கை தட்டுனேன். அப்பறம் 2024 பிப்ரவரியில தண்டனைய பாதியா, ஆறு வருசமா கொறைச்சாங்கன்னு செய்தி வந்தப்ப நம்ம குரூப்பே கொதிச்சுச்சு, பெரிய மனுசனுக்கு ஒரு நியாயம் சின்ன மனுசனுக்கு ஒரு நியாயமான்னு பக்கம் பக்கமா எழுதுனோம். 42 மில்லியன்ல எத்தன சைபருன்னு நமக்கு எண்ணத் தெரியல, ஆனா கோவம் வந்துச்சு. 3,800ல எத்தன சைபருன்னு நல்லாத் தெரியுது, கோவம் வரல, ஏன்னா எடுத்தவரு நம்ம அண்ணே. ரெண்டும் ஒன்னுன்னு நான் சொல்ல மாட்டேன், மலையையும் மடுவையும் சேத்து வைக்கிற அளவுக்கு எனக்கு புத்தி கெட்டுப் போவல. ஆனா அங்கயும் அவருக்கு வேண்டியவங்க 'எங்க ஆளு'ன்னுதானே நின்னாங்க.

உண்மையிலேயே எனக்கு எது வலிக்குதுன்னா, நீங்க கேட்டிருந்தா குடுத்திருப்போம் அண்ணே. மகனுக்கு ஃபீஸ் கட்டணும், ரெண்டு மாசம் பொறுங்கன்னு குரூப்புல ஒரு வரி போட்டிருந்தா அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள நாலாயிரம் சேந்திருக்கும், நானே எரநூறு போட்டிருப்பேன், உங்க வேன்ல பிரசவத்துக்கு போனவங்க மட்டும் போட்டாலே போதும். எடுக்கிறதுக்கு வராத கூச்சம் கேக்குறதுக்கு வந்துருச்சு உங்களுக்கு. தலைவரு கை நீட்டி கேக்கலாமாங்கிற ரோசம். அந்த ரோசந்தான் இப்ப ஸ்டேட்மென்ட் கேட்டாலும் வருது, 'என் மேல நம்பிக்க இல்லையா'ன்னு மொகம் செவக்குது. கணக்கு கேக்குறது அவமானம்னு எவன் நமக்கு சொல்லிக் குடுத்தான்? எங்கப்பா கேக்காமயே காட்டுனாரு, அவருக்கு யாரும் மரியாத கொறைச்சதில்ல.

அதனால வர்ற ஞாயித்துக்கிழம ஆண்டுக் கூட்டத்துல என்னா எதிர்பாக்குறேன்னு நேராவே சொல்லிர்றேன். மத்தவங்க வாயால வர்றதுக்கு முன்னாடி நீங்களே எந்திரிச்சு நின்னு நடந்தத சொல்லிருங்க, காரணமெல்லாம் அப்பறம், தேதியும் தொகையும் மொதல்ல. அந்த மூணாவது மாடி அக்கா வருவாங்க, அவங்க கேக்குற மாதிரி சொல்லுங்க. அடகு வட்டி நூத்தி சொச்சம் வந்துச்சு, அத சங்கத்து காசுலருந்து குடுக்க வேணாம், உங்க கையால நீங்க குடுங்க. தலைவர் பதவிய விட்டுப் போவ சொல்லி நான் கேக்கல, கேக்குறவங்க இருக்காங்க, ஓட்டு போட்டு அவங்க பாத்துக்கட்டும், என் ஓட்டு எதுக்குன்னு நான் இன்னும் முடிவு பண்ணல, நீங்க என்னா பேசுறீங்கங்கிறத பாத்துட்டுதான். ஆனா ஒரு வருசத்துக்கு செக்குல கையெழுத்து போட மாட்டேன்னு நீங்களே சொல்லிட்டா நல்லது, என் ஆறு மாச சாவி மாதிரி. முன்கூட்டி கையெழுத்து போட்ட தாளு மிச்சம் எத்தன இருக்கோ அத்தனையையும் கூட்டத்துல வச்சு கிழிக்கணும். மாசா மாசம் ஸ்டேட்மென்ட்ட போட்டோ புடிச்சு குரூப்புல போட பொருளாளர் தம்பிக்கு அஞ்சு நிமிசம் ஆவாது. அப்பறம் என்னைய திரும்ப குரூப்புல சேத்துருங்க, பாக்க வேணாமா.

கூட்டத்துக்கு அப்பாவோட கடைசி 555 நோட்ட எடுத்துட்டு வருவேன். கரையான் கொஞ்சம் அரிச்சிருச்சு, ஆனா எழுத்து தெரியுது. அதுல கடைசி பக்கம் அப்பா எழுதுனது இல்ல அண்ணே, உங்களுக்கு ஞாபகம் இருக்கோ என்னவோ. அப்பா தவறுன அன்னைக்கு சங்கத்து காச கவர்ல போட்டு எடுத்துட்டு வந்தது நீங்கதான், அப்ப நீங்க சும்மா கமிட்டி மெம்பரு. நான் கவர வாங்கி தலகாணிக்கு அடியில வைக்கப் போனேன், நீங்க விடல. அரிசி டின்னு மூடி மேல நோட்ட ஒன்னொன்னா வச்சு எண்ணிக் காட்டுனீங்க, ரெண்டு தடவ. அப்பறம் அப்பா நோட்ட தேடி எடுத்து, நீங்களே ஒரு வரி எழுதி, பென்சில என் கையில குடுத்தீங்க. கண்ணு தெரியல அண்ணே, அப்பறம் போடுறேன்னு அழுதேன். 'போட்டுரும்மா, உங்கப்பா இருந்தா விட மாட்டாரு'ன்னு சொல்லிட்டு நான் கையெழுத்து போட்டு முடிக்கிற வரைக்கும் நோட்ட புடிச்சுக்கிட்டு அப்படியே நின்னீங்க.

ஞாயித்துக்கிழம காலை பத்து மணி, பாலாய் ராயா மண்டபம். செக் புக்க மறக்காம கொண்டு வாங்க.

இப்படிக்கு,
பழைய பொருளாளர் மகள்